ரேடியேட்டருக்குப் போட்ட மாலை

புது வண்டிக்கு மாலை போடுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். மகன் மோட்டார் சைக்கிள் வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோதுகூட, "எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கிக்க, பூவ மட்டும் கொண்டாராத" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பக்தி இல்லை என்று வீட்டில் பேச்சு. பேசட்டும்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். சரக்கோடு போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. எங்கள் மகள் பேசப் பழகிய சமயம், அவரைப் பார்த்து, "யாரோ வந்துருக்காக" என்று என்னிடம் ஓடி வந்தாள். அதைக் கேட்ட பிறகுதான், இனி ஊரோடு இருப்பது என்று அவர் முடிவு செய்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய டிராக்டரைப் பேசி முடித்து, மாடு பூட்டி இழுத்து, குன்றாண்டார்கோவிலுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

பாகம் பிரியாத குடும்பம். நிலமெல்லாம் என் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், பொறுப்பில் இருந்தது. மூத்தார் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஆடி மழைக்கு முன்னாடி இது செவக்காட்ட உழுதுச்சுன்னா நீ ஊர்ல இரு. இல்லாட்டி நெலத்த வாரத்துக்கு விட்டுட்டு, நீ லாரிக்கே போ" என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அண்ணன் சொல்லுக்கு அவர் தலை ஆடத்தான் செய்யும், வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த வண்டிக்கு இருந்ததெல்லாம் சூட்டு வியாதி. கிளப்பிய கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து மூடியை முட்டும். அவர் ரேடியேட்டரைக் கழற்றி வெளியே போட்டார். உப்புக் கிணற்றுத் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றியதில், வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற மாதிரி உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து அடைத்திருந்தது. நெல் அவிக்கிற அண்டாவில் நான் சலவைச் சோடா போட்டுத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அதை ஊற்றி ஊறவைத்து, அடி வழியாகத் தண்ணீர் விட்டு எதிர்ப்பக்கமாக அலசினோம். பழுப்பாக வந்த தண்ணீர் தெளிய நாளாயிற்று. வெளிப்பக்கம் தகட்டு இடுக்கெல்லாம் குளவி மண்ணும் வைக்கோல் தூசியும். விளக்குமாற்று ஈர்க்கை எடுத்து ஒவ்வோர் இடுக்காகக் குத்திச் சுத்தம் செய்தது நான். இலுப்பூருக்குக் கொண்டுபோய் ஓட்டைகளுக்கு ஈயம் வைத்து வந்தார். விசிறிக்குப் புதுப் பெல்ட், தண்ணீர் போகப் புது ரப்பர்க் குழாய். உப்பில்லாத ஊருணித் தண்ணீரை என் பழைய சேலைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம்.

"ரெண்டே ரெண்டுதான், நெனப்புல வெச்சுக்க" என்று வேலைக்கு நடுவே சொல்வார். "வண்டி மொகத்துக்குக் காத்துப் படணும். சூடா இருக்கையில பச்சத்தண்ணி படக்கூடாது. அடுப்புல காயிற மண்சட்டியில பச்சத்தண்ணிய ஊத்துனா என்னாகும்? அதேதான்."

கொல்லைக் காட்டில் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை ஓட்டிப் பார்த்தார். கொதிக்கவில்லை. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று வந்தார். அவள் "அப்பா, இன்னொருக்கா" என்றாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். முதல் உழவுக்கு முன் வண்டி அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் மூத்தார். போகட்டும், சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி பங்காளி வீடு ஒவ்வொன்றும் ஒரு மாலை போடும். மாலைதான் மரியாதை. யார் மாலை மேலே, யார் மாலை கீழே என்று அடிதடி நடந்த ஊர். அதனால் எல்லா மாலையும் முகத்திலேயே விழ வேண்டும். டிராக்டருக்கு முகம் எது? ரேடியேட்டர்தான். சம்பங்கி, செவ்வந்தி, அரளி என்று கை கொள்ளாத மாலைகளைச் சாத்தி, அதன் மேல் பட்டுத் துணியை வரிந்து கட்டிவிட்டார்கள். நான் ஈர்க்கால் குத்தித் திறந்த இடுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மூத்தாரிடம் பெண்கள் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் மனைவியிடம் போனேன். "அக்கா, மாலையக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லுங்க, காத்துப் போகாது" என்றேன்.

"எந்த வீட்டு மாலையத் தள்ளச் சொல்லட்டும்? நீயே போயிச் சொல்லேன்" என்றார் அக்கா.

முன்னால் மேளம், பின்னால் வண்டி. மேளக்காரர் நடைக்குத்தான் வண்டியும் போக வேண்டும். கோயில் மேட்டில் ஏறும்போது பட்டுத் துணிக்குள்ளிருந்து ஆவி வந்தது. என் வீட்டுக்காரர், "அண்ணே, ஒரு நிமிசம் நிறுத்திக்கிறேன்" என்றார்.

"சாமிகிட்டப் போற வண்டி பாதியில நிக்கக்கூடாது. ஓட்டு" என்றார் மூத்தார்.

ஓட்டினார். கோயில் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இஞ்சின் முனகி, இறுகி, நின்றேவிட்டது. "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க" என்று அவர் கத்திக்கொண்டே குதித்தார். அதற்குள் பங்காளி ஒருவர் அபிஷேகத்துக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே இஞ்சின் தலையில் கவிழ்த்தார். படீரென்று ஒரு சத்தம். இரும்பு பிளந்துவிட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். எங்கள் தாழி தானாக உடையவில்லை.

பழி யார் மேல் விழுந்தது? என் மேல்தான். "மெசினப் பொம்பளையத் தொட விட்டான்ல, எப்படி வெளங்கும்?" என்று பங்காளிகள் பேசினார்கள். மூத்தார் மறுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் மறுக்கவில்லை. அந்த இரண்டாவதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அவர் லாரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கோயில் வாசலிலேயே கிடந்த வண்டியிடம் போனேன். மாலைகளை அவிழ்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. நானே அவிழ்த்தேன். அடியில் இருந்த பூ கீரை மாதிரி வெந்து, கருகித் தகட்டோடு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி ஓர் இலையில் வைத்து எடுத்துவந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த மூத்தார் முன்னால் வைத்தேன். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "மாமா, இதப் பாருங்க. ஒங்க மாலதான் வண்டிய வேக வெச்சுருக்கு."

அவர் இலையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி பூ, இத எச்சிலெலைக்குப் பக்கத்துலயா வைப்பாக?" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு என் வீட்டுக்காரர் போய்விட்டார். மகள் பொழுது சாயும் வரை வாசலில் நின்றாள். "யாரோ எப்ப வருவாக?" என்று கேட்கவில்லை. "அப்பா எப்ப வருவாக?" என்றுதான் கேட்டாள்.