சாவியைத் திருப்பிய பிறகு மூன்று நிமிஷம்

ஹாரன் அக்காவுக்குக் கோபம் வந்தால் வண்டிக்குத் தனியாக ஹாரன் வேண்டாம். பெயரே அப்படித்தான் வந்தது. நடைபாதையில் பைக் ஓட்டுகிறவனாகட்டும், பஸ் நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு போன் பேசுகிற கார்க்காரனாகட்டும், கண்ணாடியை இறக்கி அவள் ஒரு சத்தம் போட்டால் தெருமுனை வரை கேட்கும். வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தேழு வருஷம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போயிற்று. முதலில் ரொட்டிக் கம்பெனி வேன், பிறகு பள்ளிக்கூட வேன், இப்போது எட்டு வருஷமாக பிசியோதெரபி மையத்து வேன். நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவந்து மையத்தில் இறக்கி, பயிற்சி முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் வந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவள் வாயைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். கையைப் பற்றிச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாள்.

மேனேஜர் அவள் கையைப் பற்றித்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தார். "நோயாளியைத் தள்ளிச் செல்லும்போது என் கவனக்குறைவால் சக்கர நாற்காலியின் பிடியை விட்டுவிட்டேன்." கீழே அவள் கையெழுத்துக்காக ஒரு கோடு.

"என்ன சார் இது?"

"ஒரு சம்பிரதாயம்தான்மா. கையெழுத்துப் போட்டுடுங்க. கொஞ்ச நாள் வீட்ல இருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நான் கையை விட்டதை நீங்க பாத்தீங்களா?"

"ஒரு கையில போன் வச்சிருந்தீங்கன்னு சொல்றாங்களே."

"யாரு சொல்றாங்க? அந்த ஆளை இங்க கூப்பிடுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

யாரும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே? அன்று காலை பத்து மணிக்கு முற்றத்தில் இருந்தது இரண்டே பேர். ஒன்று அக்கா. இன்னொன்று கணக்கு வாத்தியார். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனவர். வாசல் சாய்தளம் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு இரும்புத் தகடு. அதன் ஸ்க்ரூக்கள் கழன்று ஆடிக்கொண்டிருந்தன. தினமும் அக்கா தகட்டைக் காலால் மிதித்து அமுக்கிக்கொண்டுதான் நாற்காலியை ஏற்றுவாள். அன்று மிதித்த மிதியில் மிச்சமிருந்த ஒரு ஸ்க்ரூவும் பிடுங்கிக்கொண்டது. தகடு மறுமுனையில் எழும்பி முன்சக்கரத்தைத் தடுக்க, வாத்தியார் குப்புற விழுந்தார். விழும்போது இடது கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. அந்த மனுஷனுக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரே கை அது.

மதியத்துக்குள் தகட்டுக்கு ஆறு புது ஸ்க்ரூ வந்துவிட்டது. எட்டு வாரமாக அதைச் சரிபண்ண வராத ஆள் இரண்டு மணி நேரத்தில் எங்கிருந்துதான் வந்தானோ!

"ராம்ப்ல என்ன குறை? நீங்களே போய்ப் பாருங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை புகார் சொன்னதில்ல" என்றார் மேனேஜர், வாய் கூசாமல்.

அக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "நான் சொல்லல? இதே ரூம்ல, இதே நாற்காலிக்கு முன்னாடி நின்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எழுதிக் குடுத்தீங்களா?"

இல்லை. அக்கா எதையும் எழுதிக் கொடுக்கிற ரகம் இல்லை. வாய்தான்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வாத்தியாரோட பொண்ணு வர்றாங்க. போலீசுக்குப் போவேன்னு குதிக்கிறாங்க. கையெழுத்து இருந்தா நான் சமாதானம் பண்ணிடுவேன். இல்லேன்னா வேலையும் போகும், கேஸும் வரும். யோசிங்க."

"வண்டியில கேமரா இருக்கு சார்."

மேனேஜர் சிரித்தார். "சாவியை அணைச்சா கேமராவும் தூங்கிடும்மா. மறந்துட்டீங்களா?"

அவள் மறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இதே முற்றத்தில் யாரோ வேனின் பக்கக் கண்ணாடியை இடித்து உடைத்துவிட்டுப் போனார்கள். பழி அவள் மேல். கேமராவைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோதும் இதே சிரிப்பு, இதே பதில். சாவியைத் திருப்பியதோடு படம் நின்றுபோயிருந்தது. அன்று வயிறெரிந்து நேராகத் தம்பியின் கடைக்குப் போனாள். தம்பி ஆட்டோ எலக்ட்ரீஷியன். சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒயரிலிருந்து கேமராவைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வருகிற ஒயரில் மாட்டி, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டைமர் வைத்துக் கொடுத்தான். சாவியைத் திருப்பிய பிறகும் மூன்று நிமிஷம் ஓடும். அதற்கு மேல் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்தான். நாற்காலியின் நாலு பட்டையைக் கழற்றி, ஆளை இறக்கி, உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று நிமிஷம் தாராளம். வேனின் மூக்கு வாசலைப் பார்த்துத்தான் நிற்கும், சாய்தளம் கேமராவுக்கு நேர் எதிரே. மேனேஜருக்கு இந்த விஷயம் தெரியாது.

கையெழுத்துப் போடாமல், வண்டியிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு தம்பி கடைக்கு ஓடினாள். கிரீஸ் படிந்த மடிக்கணினியில் அவன் காலைப் பதிவை ஓட்டினான். பத்து மணி, சாவி அணைகிற சத்தம், முற்றம், வாசல், சாய்தளம். எல்லாம் தெளிவாக இருந்தது. உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. அந்தக் குரல் நிற்கவே இல்லை. பட்டையைக் கழற்றிக்கொண்டே திட்டு, திட்டிக்கொண்டே கழற்றல். ஒரு வழியாகக் கதவு திறந்து, நாற்காலி இறங்கி, அக்காவின் முதுகு படத்தில் வந்தது. இரண்டு கையும் பிடியில் இருந்தன. முன்சக்கரம் தகட்டுக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும்போது திரை கறுத்தது. மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். "அடிப்பாவி அக்கா! உனக்கு நான் மூணு நிமிஷம் வச்சுக் குடுத்தேன். அதுல ரெண்டு நிமிஷத்தை உன் வாயே தின்னுடுச்சு."

அக்கா பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அவன் பார்த்தது அபூர்வம். அடுத்தவனைத் திட்டுவது சுலபம். தன்னைத் தானே திட்டிக்கொள்ள நேர்ந்தபோது அவளுக்கு வார்த்தை வரவில்லை. கார்டில் எட்டு நாள் பதிவு இருக்கும், அதற்குமேல் பழசு அழிந்து புதுசு ஏறும். தம்பி வேலையில்லாமல் முந்தின நாட்களை ஒவ்வொன்றாக ஓட்டினான். மூன்றாவதில் சட்டென்று நிறுத்தினான்.

"அக்கா, ஜன்னல்கிட்ட வந்து பேசறது யாரு?"

அக்கா குனிந்து கேட்டாள். மறுபடி கேட்டாள். அவள் முகத்துக்கு உயிர் வந்தது.

"இதை மட்டும் போட்டுக் காட்டு. இன்னிக்குப் பதிவைக் காட்டாதே" என்றான் தம்பி. காரணம் இருந்தது. அன்று காலை அவள் திட்டியது மேனேஜரை அல்ல, வாத்தியாரின் மகளை.

"ரெண்டு கையும் பிடியில இருக்கறது அதுலதானே இருக்கு?"

"அப்ப சத்தத்தை அமுக்கிட்டுப் போடு."

"எதை மறைக்கிறேன்னு மேனேஜர் கேப்பான். நான் எதையும் மறைக்க மாட்டேன்டா. பேசினது நான்தானே? கேக்கறவங்க கேக்கட்டும்."

மறுநாள் பதினொரு மணி. மேனேஜர் அறை. மேசையில் அந்தக் காகிதம், பக்கத்தில் மூடி திறந்த பேனா. வாத்தியாரின் மகள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கழித்த முகம். அக்காவைப் பார்த்ததும் கண் சிவந்தது.

"அவரால கத்தக்கூட முடியாதும்மா. உங்களை நம்பித்தானே அனுப்பினேன்? கையை விட்டுட்டீங்களே."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அக்கா சும்மா விட்டிருக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கார்டை மேனேஜரின் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"இதுல என்ன இருக்கப்போகுது?" என்றார் மேனேஜர்.

"சாவி அணைஞ்சப்புறம் மூணு நிமிஷம் இருக்கு சார்."

மேனேஜரின் 'ம்மா' பறந்துபோயிற்று. "யாரைக் கேட்டு ஒயரைப் பிரிச்ச? அது மையத்துச் சொத்து, தெரியுமா?"

"வாத்தியாரோட கையும் உங்க சொத்தா? அதை யாரைக் கேட்டு உடைச்சீங்க?"

"ஓட்டுங்க" என்றாள் மகள்.

படம் ஓடியது. அக்காவின் குரல் அறையை நிறைத்தது. "பாருங்க சார், சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டு அனுப்பியிருக்காங்க. மேல ஒண்ணு மிச்சம், கீழ ஒண்ணு மிச்சம். மாடியில நின்னு கையை ஆட்டினா ஆச்சா? ஏழு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்க பொண்ணு கீழ இறங்கி வந்து உங்களை வண்டியில ஏத்தியிருக்காங்களா? என்ன பெரிய ஆபீஸ்! என்ன பெரிய மீட்டிங்!" இப்படியே போயிற்று. மகளின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பதிவில் வாத்தியாரின் குரல் கேட்டது. "ம்ஹூம்... ம்ஹூம்!" பேச்சில்லாத அந்தக் குரலில் கண்டிப்பு இருந்தது.

"சரி சார், சரி. உங்க பொண்ணைச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே. விட்டுட்டேன்."

நாற்காலி படத்தில் வந்தது. இரண்டு கையும் பிடியில். தகடு நெருங்கியது. திரை கறுத்தது.

"பாத்தீங்களா மேடம், எப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு?" என்றார் மேனேஜர். "உங்களையே இப்படிப் பேசறவங்க. அதோட விழுந்தது இதுல எங்க இருக்கு? இதுக்கப்புறம்தானே கையை விட்டது?"

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் அக்கா. அடுத்ததைத் தட்டினாள். தேதி நாலு நாள் முந்தியது. சாவி அணைந்தது. அக்காவின் குரல் ஜன்னல் வழியே யாரையோ கூப்பிட்டது.

"சார், நில்லுங்க. அந்தத் தகட்டுல ஒரே ஒரு ஸ்க்ரூதான் மிச்சம். சக்கரம் மாட்டுது. யாராவது விழுந்து வைக்கப்போறாங்க. இதோட எத்தனை தடவை சொல்றது?"

பிறகு அந்தக் குரல். இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரின் அதே குரல். "பாத்துக்கலாம்மா. விழும்போது பாத்துக்கலாம். முதல்ல வண்டியை நகர்த்துங்க, டாக்டர் கார் வரணும்."

பதிவு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் நகர்ந்ததும் அதில் அக்கா அவரைப் போலவே மூக்கால் இழுத்துப் பேசிக்காட்டினாள். "'பாத்துக்கலாம்மா'வாம்! இந்த ஆளு பாத்துக்கிட்டது எல்லாம் கண்ணாடியில அவன் தலைமுடியை மட்டும்தான் சார். அதுவும் இருக்கறது நாலு. அதுல ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம்."

சிரிப்புச் சத்தம். கரகரவென்று, மூச்சு இழுத்து இழுத்து, நிறுத்த முடியாத சிரிப்பு.

"நிறுத்துங்க" என்றாள் மகள். "அது யாரு சிரிக்கிறது?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "உங்க அப்பாதான்மா. வேற யாரு?"

"அப்பாவா?"

"தினமும் சிரிப்பாரு. அதுக்காகவே நான் கொஞ்சம் கூடுதலாத் திட்டுவேன்."

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கைப்பையின் மேல் விழுந்தது, துடைக்கவும் இல்லை.

"இன்னொரு தடவை போடுங்க."

"மேடம், அது இருக்கட்டும். நாம விஷயத்துக்கு..." என்று தொடங்கினார் மேனேஜர்.

"வாயை மூடுங்க!" மேசை அதிரத் தட்டினாள் மகள். "விழும்போது பாத்துக்கலாமா? விழுந்துட்டாரு. பாருங்க! அந்தப் பேனாவை எடுங்க. இதே காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதுங்க. தகடு ஆடினது எனக்குத் தெரியும், இவங்க சொன்னாங்க, நான் சரி பண்ணலன்னு எழுதுங்க. உங்க கையெழுத்தைப் போடுங்க."

மேனேஜர் எழுதினார். எழுதும்போது பேனா இரண்டு தடவை வழுக்கியது.

வெளியே வந்ததும் மகள் அக்காவின் முன் நின்றாள். "நீங்க என்னைப் பேசினதை நான் மறக்க மாட்டேன். காலையில எட்டு மணிக்கு ஒரு கையில போன், ஒரு கையில அப்பாவோட சட்டைன்னு நிக்கறது உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றாள் அக்கா. "உங்களைப் பேசினது தப்புதான். கோபத்தை வச்சுக்குங்க."

மூன்று வாரம் கழித்து வாத்தியார் மறுபடி வந்தார், இடது கையில் மாவுக்கட்டோடு. மகள் கீழே இறங்கிவந்து ஏற்றிவிட்டாள். அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பொத்தான்கள் சரியாக இருந்தன. மையத்து முற்றத்தில் அக்கா சாவியைத் திருப்பினாள். டைமரைத் தம்பி பத்து நிமிஷமாக்கிக் கொடுத்திருந்தான், பேட்டரி எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று. அவள் பின்னால் போய்க் குனிந்து பட்டைகளைச் சத்தமில்லாமல் கழற்றினாள். முதல் பட்டை. இரண்டாவது. வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்?" என்றார்.

"என்ன சார்? தகடு சரியாயிடுச்சு. ஸ்க்ரூ ஆறும் இருக்கு. திட்ட என்ன இருக்கு?"

வாத்தியார் மாவுக்கட்டுக் கையை மெல்லத் தூக்கினார். வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. ஆனாலும் தூக்கி, எதிரே மேனேஜர் அறை ஜன்னலைக் காட்டினார். உள்ளே அந்த ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார்.

அக்கா மூன்றாவது பட்டையைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "உங்க கையை உடைச்சுப்போட்டான். இன்னிக்கு வரைக்கும் உங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா சார்?"

வாத்தியார் இல்லையென்று தலையாட்டினார்.

அக்கா வேன் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு ஆரம்பித்தாள்.