அம்மா தூக்கிய பெட்டி

எங்கள் தெருவில் பரண்மேல் கிடக்கும் பெரிய பெட்டியைக் கீழே இறக்கினால் போதும், ஊருக்கே செய்தி போய்விடும். முத்துப்பேட்டையில் வீட்டுக்கு ஓர் ஆளாவது வளைகுடாவில் இருந்த காலம். இப்போதும் அப்படித்தான். அம்மா பெட்டியை இறக்கித் துடைத்த அன்று சாயங்காலமே எதிர்வீட்டு மாமி வந்து, "எப்பம்மா பயணம்?" என்று கேட்டுவிட்டார்.

பயணம் எதுவும் இல்லை. சவூதியில் கட்டட வேலையில் மேலிருந்து விழுந்த அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அத்தாவுக்கு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிருந்தது. இரண்டு மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கும் அவள் தம்பியான மாமாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது. எனக்கு ஒன்பது வயது. "அத்தாவுக்குக் கால்ல அடி" என்பதோடு என்னிடம் முடித்துக்கொண்டார்கள்.

அம்மா அப்போது ஈர்க்குச்சி. கேஸ் சிலிண்டரை நகர்த்தவே ஆள் தேடுவாள். அவள் மன்னார்குடிக்குப் போய் ஒரு பிசியோதெரபி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆளைத் தூக்கும் பலம் கையில் இல்லை, தொடையிலும் முதுகிலும் இருக்கிறது என்றாராம் அவர். மறுநாளே பெட்டிக்குள் பதினைந்து கிலோ அரிசி போனது. பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். வாரம் இரண்டு கிலோ ஏற்றி, லக்கேஜ் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பாடும் மாறியது. எல்லோரும் தின்று முடித்தபின் பானையை வழித்துச் சாப்பிடுகிறவள், எங்களோடு முதலிலேயே உட்கார்ந்தாள். காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்குச் சுண்டல், மத்தியானம் சோற்றைக் குறைத்து மீன். கொடுவா மீனின் நடுத்துண்டு என் தட்டிலிருந்து அவள் தட்டுக்கு இடம் மாறியதில் எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

வெளிநாட்டு வேலைக்கு உடல் பரிசோதனை உண்டு என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். "மெடிக்கல் பாஸாவணும்ல, அதான் ஒடம்ப தேத்துறா" என்று முடிவுகட்டிய எதிர்வீட்டு மாமி, ஒருநாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"எம் மவன்கிட்ட குடுத்துரும்மா."

"நான் எங்கயும் போவலையே மாமி."

"விசா அடிக்கிற வரைக்கும் எல்லாரும் இதத்தாம்மா சொல்லுவாங்க. கண்ணு பட்டுரும்ல."

எந்த நாடு என்றுகூட அவர் கேட்கவில்லை. அந்த வாரத்துக்குள் ஊறுகாயும் மாத்திரையும் அப்பளமுமாக நாலு வீட்டுப் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன.

ஏற்கெனவே அத்தா இல்லாத வீடு. அம்மாவும் போய்விட்டால்? நேராகவே கேட்டேன். "உன்ன வுட்டுட்டு நான் எங்கடி போவேன்?" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு லீவிலும் பயணத்துக்கு முந்தின நாள் வரை அத்தாவும் இதையேதான் சொல்வார்.

விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கொல்லையில் கிடந்த செங்கல் ஒன்றைப் பழைய கைலியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பட்டும்!

தராசு காட்டிய கணக்கைப் பார்த்து அம்மா பெட்டியைத் திறந்தாள். செங்கலைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வெளியே எடுத்துப் போடுவாள் என்று நினைத்தேன். அவளோ பெட்டியை மூடி, செங்கலோடு சேர்த்தே தூக்கினாள். விடுவேனா? மறுவாரம் இன்னொன்று வைத்தேன். கால் நடுங்க எழுந்தாள், ஆனாலும் எழுந்துவிட்டாள். கடைசியில் பெட்டி நாற்பது கிலோவைத் தொட்டது. அம்மாவின் கையில் புதிதாக ஒரு மேடு தெரிந்தது. அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வேன் வந்த அன்று தெருவே கூடிவிட்டது. அத்தாவைத் தூக்க மாமாவோடு நாலு ஆண்கள் ஓடி வந்தார்கள்.

"வெலகுடா தம்பி. நான் பாத்துக்குறேன்" என்றாள் அம்மா.

முழங்காலை மடக்கிக் குனிந்தாள். அத்தாவின் கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நெஞ்சோடு அணைத்து, ஒரே மூச்சில் எழுந்து, சக்கர நாற்காலியில் அவரைப் பூப்போல உட்கார வைத்தாள்.

"என்ன புள்ள, நான் என்ன பஞ்சு மூட்டையா?" என்றார் அத்தா.

"அரிசி மூட்டைங்க. ரெண்டு மாசமா தூக்கிப் பழகிட்டேன்." அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா, நான் எங்கயும் போவல. இனிமே அத்தாவும் போவமாட்டாங்க."

இதைவிடப் பெரிய சந்தோஷம் உண்டா! கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனதும் தலைதெறிக்க ஓடினேன். தெருவில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி, "எங்க அத்தா இனிமே சவூதிக்குப் போவவே மாட்டாங்க!" என்று கத்தினேன். கேட்டவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவு நல்ல சேதியை ஓடிவந்து சொல்கிறேன், ஒரு மிட்டாய் கொடுக்கக்கூட யாருக்கும் மனசில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.