துளைகளை அடைத்த டேப்

மலேசியாவின் மாசாயில் நான் பொறுப்பாளராக இருக்கும் முறுக்குத் தொழிற்சாலையில், ஆறு டின்களைச் சேர்த்து, சுருங்கும் பிளாஸ்டிக்கால் சுற்றி, சூட்டு இயந்திரத்துக்குள் அனுப்புவோம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றால் உறை உப்பிவிடும். இன்னொரு முறை அப்படி வந்தால் ஆர்டரே கிடையாது என்று சிகாமட் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதனால் காற்று வெளியேற வரிசையாகச் சிறு துளைகள் இட்ட பிளாஸ்டிக் சுருளை வாங்கி வைத்துவிட்டு, தைப்பூசத்துக்கு விடுப்பில் போனேன்.

திரும்பி வந்தபோது கடைக்காரரின் லாரி வாசலில் நின்றது. கட்டுகளோ பூரி மாதிரி உப்பியிருந்தன.

"ரோல் வித்தவன் ஓட்ட ரோல உங்க தலையில கட்டிட்டான் சார்," என்றார் பேக்கிங் அக்கா. "எறும்பு பூந்துடும்லா. எல்லாத்தையும் டேப் போட்டு அடைச்சிட்டோம்."

"மூடின டின்னுக்குள்ள எறும்பு எப்படிக்கா போகும்?"

"நீங்க நம்ம எறும்ப பாத்ததில்ல சார்."

டேப்பை உரித்தால் பிளாஸ்டிக்கும் கிழிந்தது. வேறு வழியில்லாமல், பெண்கள் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றி, டேப்பின் மேலேயே துளை போட்டு, மறுபடி சூட்டு இயந்திரத்துக்குள் அனுப்பினோம்.

"அலமாக்! அடைச்சதுக்கே ஓட்டயா?" என்று முதலாளி தலையில் கைவைத்தார். ஆனால் கட்டுகள் சிக்கென்று வந்தன.

மறுவாரம் கடைக்காரர் போன் செய்தார். "கட்டு நல்லா இருக்கு சார். அந்த டேப் ரொம்ப பலம். அடுத்த தடவயும் அதே மாதிரி போடுங்க."

இப்போதெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக்கை வாங்கி, துளைகளை அடைத்து, மறுபடி குத்துகிறோம். எறும்பு வந்ததாகப் புகாரே இல்லை என்பதை அக்கா அடிக்கடி எனக்கு நினைவூட்டுகிறார்.