பூட்டிய கதவின் முன் டெல்ஃபினா

"துப்பு" என்று உள்ளங்கையை நீட்டுகிறாள் டெல்ஃபினா. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் நெளிந்துகொண்டே சூயிங்கத்தை அதில் துப்புகிறான். "இன்னும் யாரு வாயில இருக்கு? தாடை ஆடுறது எனக்குத் தெரியுது."

விடியும் முன்பே ரொட்டிக்கடையில் மாவு பிசையப் போய்விடுவாள். அது முடிந்ததும் புருவத்தில் ஒட்டிய மாவோடு எங்கள் ஊர் மிஷனுக்கு வந்து, சம்பளமில்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவாள். ஸ்பானியப் பாதிரிமார் அந்தக் காலத்தில் கட்டிய தேவாலய வளாகம். இடிந்து கிடந்ததைப் புதுப்பித்து, வெள்ளையடித்து, ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். உள்ளே மெழுகுவர்த்தி விற்பவன் நான். தோட்டத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "ரோஜா உங்க வீட்டுலயும் பூக்கும், நடங்க" என்பாள். நேரே வடக்கு மூலையில் இருக்கும் ஜன்னல் இல்லாத அறைக்குத்தான்.

இந்த மண்ணின் பழங்குடிகளான எங்கள் மக்களின் பெண்பிள்ளைகளை, அந்தப் பாதிரிமார் ஏழெட்டு வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து, இரவில் அடைத்துப் பூட்டிய அறை அது. டெல்ஃபினாவின் தாய்வழி முன்னோரில் ஒருத்தி அதற்குள் வளர்ந்தவள். பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து அதைச் சொல்வாள். குரலை உயர்த்த மாட்டாள்.

புதிதாக வந்த மேலாளர் வின்ஸ்லோவிடம் ஒரு தாய் புகார் சொன்னாள்: அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து மகள் இரவில் தூங்கவில்லையாம். அவர் அறையைப் பூட்டிவிட்டார்.

மறுநாள் டெல்ஃபினா பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே தரையில் உட்காரவைத்தாள். வின்ஸ்லோ விரைந்து வந்தார்.

"பிள்ளைங்க பயப்படுறாங்கம்மா."

"பயப்படட்டும் சார். உள்ள இருந்ததும் பிள்ளைங்கதான்."

ஒரு சிறுமி கை தூக்கினாள். "இப்ப சாவி யாருகிட்ட இருக்கு மிஸ்?"

"அந்த சார்கிட்ட."

எல்லாத் தலைகளும் திரும்பின. வின்ஸ்லோவின் கை தானாகச் சட்டைப்பையை மூடியது.

அன்று மாலையே இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "கோவமா வருது" என்றாள். மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே, "பயமாவும் இருக்கு. இவனுங்க என்னை உள்ளயே விடலைன்னா, அந்த அறைக்குள்ள வளர்ந்தவளை நான் எங்க போய்ப் பாக்குறது?" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமலே எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, எல்லாரையும் போல நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணன் பிள்ளைகள், அண்டை வீட்டுப் பிள்ளைகள் என்று பின்னால் ஒரு பட்டாளம். முகத்தில் மாவு இல்லை, தலை வாரியிருந்தாள். பூட்டிய கதவுக்கு முன் அவர்களை வரிசையாக நிறுத்தினாள்.

வின்ஸ்லோ ஓடி வந்தார். "நீங்க இப்ப இங்க கைடு இல்லம்மா."

"ஆமா சார், கைடு இல்ல. அத்தை. எங்க வீட்டுப் பொண்ணு இருந்த எடத்தை எங்க பிள்ளைங்களுக்குக் காட்டுறேன்."

முன்னால் நின்ற குட்டிப் பெண்ணின் உள்ளங்கையைப் பிடித்துக் கதவின் மரத்தில் அழுத்தி வைத்தாள். "அவசரப்படாத. நல்லா வச்சுப் பாரு." அவள் நகர்ந்ததும் அடுத்தவன் கை.

"உடனே நிறுத்துங்க" என்றார் வின்ஸ்லோ, அவள் தோளுக்கு அருகில் வந்து.

டெல்ஃபினா கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க முறை வரும் சார்" என்று விரலை மட்டும் பின்னால் நீட்டி, வரிசையின் கடைசியைக் காட்டினாள்.