பின் கேட் வழியாக வந்த விருந்தாளிகள்

யூனிஸ் ஜாந்திஸ் அந்தத் திராட்சைப் பண்ணையில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். குளிர்காலத்தில் கொடி வெட்டுவாள், கோடையில் பழம் பறிப்பாள். இப்போது பதினாறு பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. தென்னாப்பிரிக்காவின் அந்தப் பார்ல் மலைச்சரிவில் அவள் கை படாத கொடி ஒன்றைக் காட்டிவிட முடியாது. ஆனால் பண்ணை வீட்டுக்கு முன்னால் இருக்கிற புல்வெளியில் அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

சனி, ஞாயிறு என்றால் கேப் டவுன்காரர்கள் அந்தப் புல்வெளியில் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ஓக் மரத்தடியில் போர்வை விரித்தால் போதும், சாப்பாட்டுக் கூடையைப் பண்ணையே கொடுத்துவிடும். பெரியவர்கள் பண்ணை ஒயினை நிம்மதியாகக் குடிக்க வேண்டுமே, அதற்காகப் பிள்ளைகளுக்கு ஓரமாக ஒரு மரக்கோட்டையும் சறுக்குமரமும் காற்றடைத்த குதிக்கும் வீடும். வேலைக்காரர் பிள்ளைகள் மட்டும் எந்த நாளிலும் அதில் ஏறக் கூடாது. இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டாமலேயே எல்லாருக்கும் தெரியும், அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது?

யூனிஸின் கடைக்குட்டி தஷ்லின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தக் குதிக்கும் வீட்டைப் பார்த்து வளர்ந்தவள். ஏழாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "அதுல ஏறணும்" என்றாள். யூனிஸ் மறுநாளே போன் போட்டு, எல்லாரையும் போல முன்கூட்டியே பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கூடை சொல்லிவிட்டாள். அவள் புருஷன் ஸ்டோஃபெல் தலையில் கை வைத்தான்.

"உனக்குப் பைத்தியமா? சின்ன முதலாளி, மெனியர் ரிக்குஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா சும்மாவே விட்டுருவாரு."

"சும்மா விட வேணாம். எம் பொண்ணு விருந்தாளியா ஏறட்டும்."

ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் அதே உடுப்போடு மூவரும் நடந்தார்கள். நடந்தார்களே தவிர, எந்த வழியில் நடக்கிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் கால்கள் தாமாகவே பின் கேட்டுக்குப் போய், டிராக்டர் கொட்டகையைத் தாண்டி, சமையல்கட்டு வழியாகப் புல்வெளியில் கொண்டுபோய் விட்டன. சமையல்கட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே கூடையையும் ஒரு போர்வையையும் எடுத்துக் கொடுத்தார்கள்.

கூடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த கோழிக்கறி, ஒரு பாட்டில் ஒயின். பாட்டிலை யூனிஸ் தொடவில்லை. அவள் அப்பாவுக்கு இதே பண்ணையில் கூலியோடு கூலியாக ஒயின் ஊற்றினார்கள். விடிகாலையில் ஒரு டப்பா, பத்து மணிக்கு ஒன்று, இப்படி நாளுக்கு ஐந்து. ஐம்பதைப் பார்க்காமலேயே செத்தார். அதே சரக்கை இன்று சாய்ந்து உட்கார்ந்து முகர்ந்து பார்த்து ரசிக்கிறார்கள்.

தஷ்லின் குதிக்கும் வீட்டுக்கு ஓடினாள். அங்கே காவல் நின்ற கல்லூரிப் பெண் கையை நீட்டி மறித்தாள். கேட்டில் ஆளுக்கொரு மஞ்சள் காகிதப் பட்டை கையில் கட்டுவார்கள். அது முன் கேட்டில்தான்.

"பட்டை இல்லாம ஏத்த முடியாது ஆன்ட்டி. வேலைக்காரங்க பிள்ளைங்கன்னா கூடவே கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

யூனிஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. அதற்குள் பண்ணைக்காரரின் மகன் ரிக்குஸ் வந்துவிட்டான். யூனிஸ் வேலைக்குச் சேர்ந்தபோது இடுப்புத் துணியோடு திரிந்த பிள்ளை.

"அட யூனிஸ், எங்கிட்ட சொல்லக் கூடாதா? ஏறிட்டுப் போகட்டும், நான் சொல்லிடறேன்."

"பணம் கட்டிருக்கேன், மெனியர்."

"சரி சரி. வந்ததுதான் வந்தே, ஏழாம் பாத்தியில ரெண்டு பழம் வாயில போட்டுப் பாத்துட்டு வாயேன். நாளைக்கே பறிக்கிறதா, புதன் வரைக்கும் விடறதான்னு ஒண்ணும் புரியல. சர்க்கரை பாக்கற மெஷின் ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு சொல்லுது."

விதையைக் கடித்துப் பார்த்தே அவள் நாள் சொல்லிவிடுவாள். அந்த நாக்கு வேண்டுமாம், அந்த நாக்குக்காரியின் பிள்ளைக்குப் பட்டை கிடையாதாம்.

"நான் இன்னிக்கு வேலைக்கு வரல."

"அஞ்சு நிமிஷ வேலை, யூனிஸ்."

"பழம் நாளைக்கும் அங்கதான் தொங்கும், மெனியர்."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். "அவரே ஏறச் சொல்லிட்டாரு, அப்புறம் என்ன வீம்பு?" என்று பின்னால் புலம்பிக்கொண்டே ஸ்டோஃபெல் வந்தான். ஓக் மரச் சாலை முழுவதும் நடந்து, முன் கேட்டுக்கு வெளியே போய், கார்களுக்குப் பின்னால் வெயிலில் வரிசையில் நின்று மூன்று பட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். தஷ்லின் ஏறினாள். குதித்தாள். யூனிஸ் அப்போதுதான் ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைத்தாள்.

தண்ணீர் குடிக்க ஓடி வந்த பிள்ளையிடம், வழியில் போர்வை விரித்திருந்த ஒரு வெள்ளைக்காரி, தோழியோடு பேசுகிற பேச்சை நிறுத்தாமல் காலிக் கோப்பையை நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய் வெச்சிடு கண்ணு."

"சரிங்க மெவ்ரோ" என்று தஷ்லின் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

யூனிஸ் பாய்ந்துபோய்க் கோப்பையைப் பிடுங்கினாள். அந்தப் பெண்ணின் மடியிலேயே வைத்தாள்.

"இவ இங்க வேலை பாக்கறவ இல்ல. உங்க பிள்ளை மாதிரி விளையாட வந்தவ."

தஷ்லினின் உதடு பிதுங்கியது.

"அம்மா, நான் தப்பு பண்ணிட்டேனா?"

வெள்ளைக்காரர் கூப்பிட்டால் ஓடு, இரண்டு கையால் வாங்கு, மெவ்ரோ என்று சொல். பேச்சு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக் கொடுத்தது ரிக்குஸ் இல்லை, கேட்டில் நிற்கிறவர்களும் இல்லை. யூனிஸின் கோபம் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது.

"நீ பண்ணல. நான்தான் பண்ணினேன். போ, போய் ஏறு. யாரு கூப்பிட்டாலும் திரும்பாத. நான் கூப்பிட்டாலும் திரும்பாத."

நாலரை மணிக்குப் புல்வெளியை மூட ஆரம்பித்தார்கள். ரிக்குஸ் தூரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். யூனிஸ் போர்வையை மடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். தஷ்லின் திரும்பவில்லை, இன்னும் உயரமாகக் குதித்தாள். யூனிஸ் மடித்த போர்வையை மறுபடியும் விரித்து உட்கார்ந்தாள்.