கைகளை உயர்த்தி நின்ற அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்களோடு கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் மூத்த மகளாக, எங்களுக்குள்ளேயே பேசத் தயங்கிய ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பா தென்காசியை அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருடம், தாய்மாமாவோடு கர்நாடகத்துத் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் உருவான சிற்றூர் அது. பல மாவட்டத்துத் தமிழர்கள் வரிசை வரிசையான ஒற்றை அறை வீடுகளில் குடியிருந்தார்கள். பூமிக்கடியில் பாறை வெடித்தால் அடுக்களைப் பாத்திரங்கள் அதிரும்; பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். நானும் தம்பியும் அங்கேதான் பிறந்தோம்.

வேலை முடிந்து மேலே வருபவர்களை, தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருகிறார்களா என்று சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அதைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை. ஊரிலோ, "அவருக்கென்ன, தங்கத்துலல்லா புரளுதாரு" என்பார்கள். அத்தை கல்யாணத்துக்கு ஒரு பொட்டுத் தங்கம்கூடக் கொண்டுவர முடியாமல், அப்பா சமையல் கொட்டகையிலேயே நின்றுவிட்டார்கள்.

சுரங்கத்தை மூடியதும் ஊர் திரும்பி, குற்றாலத்தில் ஒரு விடுதியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு சாரல் காலத்தில், அங்கே தங்கியிருந்த ஓர் அம்மாளின் சங்கிலியைக் காணவில்லை. சாப்பாடு கொண்டுபோன நானும் அப்போது அங்கிருந்தேன். "இவரு தங்கச் சுரங்கத்துல இருந்தவருல்லா" என்று யாரோ சொன்னார்கள். விடுதி முதலாளி தயங்கியபடி, "தப்பா நினைக்காதீரும். சும்மா ஒரு தடவை பாத்துக்கிடுதோம்..." என்று தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் அப்பா சட்டையைக் கழற்றினார்கள். இரு கைகளையும் உயர்த்தினார்கள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு உள்ளங்கால்களையும் காட்டினார்கள். அதையெல்லாம் யாரும் கேட்கவே இல்லை. நான் தலைகுனிந்து நின்றேன்.

சங்கிலி அந்த அம்மாளின் ஈரத்துணிப் பையிலேயே கிடைத்தது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்கள். என்னிடம், "அழாதட்டீ. சுரங்கத்துல தெனமும் உண்டும்லா, உடம்பு தானா செஞ்சிட்டு. அம்மாட்ட சொல்லிராத" என்றார்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தெனமும் அப்படியா நின்னாவ?" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு அப்பா என் கல்யாணத்துக்கு வாங்கித் தந்த நகையைப் போட்டுக்கொள்ளவே எனக்குக் கூசியது.

சுரங்கத்துக் கல்தூசி நுரையீரலில் படிந்து, கடைசி மாதங்களில் அப்பா உட்கார்ந்தபடியேதான் உறங்கினார்கள். மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோன பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், சுரங்க ஊரிலிருந்து வந்து பாடை சுமந்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அப்பா மறைந்த அன்று வீட்டுக்குள்ளே வரக் கூசி மழையிலேயே நின்றார் விடுதி முதலாளி. அம்மாதான் "உள்ள வாங்க அண்ணாச்சி" என்று அழைத்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அவருக்கும் நன்றி.