கணக்கு டீச்சர் இல்லாத பள்ளிக்கு நான் போட்ட மதிப்பெண்

எங்கள் பள்ளியின் சுயமதிப்பீட்டுப் படிவம் என் கைக்கு வந்ததற்கு ஒரே காரணம், ஆசிரியர் அறையில் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது. நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அது. எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. நான் அங்கே சமூக அறிவியல் டீச்சர். நகருக்குள் சாரம் பகுதியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

பாடத்திட்டம் மாறிய வருடம் அது. புதுப் புத்தகங்கள் பாதிதான் வந்திருந்தன. ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாம் வாரம், தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுத்தார்.

"எதுக்கும் இல்லன்னு மட்டும் போட்டுடாதீங்க மிஸ். இல்லன்னு போட்டா ஏன் இல்லன்னு ஒரு கடுதாசி வரும். அதுக்கு பதில் எழுதறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

அவர் கெட்டவர் இல்லை. மழையில் ஒழுகும் வகுப்பறைக்குத் தானே ஏறி ஓடு மாற்றியவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. மனைவி சொல்தா வீட்டுப் பெண், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற குடும்பம்; மகன் பிரான்ஸில். ஓய்வு பெற்றதும் அங்கே போய்விடுவதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

நான் நிரப்பத் தொடங்கினேன். அறிவியல் ஆய்வுக்கூடம்: உள்ளது. அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. நூலகம்: உள்ளது. அது ஒரு இரும்பு பீரோ. மாணவியர் கழிப்பறை: உள்ளது. நான்கில் இரண்டு பூட்டிக் கிடந்தன, மற்ற இரண்டுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. ஒவ்வொன்றையும் தட்டும்போது இது பொய் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அறை இருக்கிறது, பீரோ இருக்கிறது, சுவர் இருக்கிறது.

கணக்கு ஆசிரியர் என்ற இடத்தில் சற்று நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கணக்கு டீச்சரை முந்தைய வருடமே வேறு வேலைக்காகக் கல்வித்துறை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளம் எங்கள் பள்ளிக் கணக்கில், ஆள் அங்கே. அவருடைய பீரியடில், விளையாட்டுக்கு இருக்கும் பி.டி. சார் வந்து உட்கார்ந்து பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். நான் 'ஒருவர்' என்று தட்டினேன்.

அதற்கு மறுநாள்தான் ஓர் அம்மா வந்தார். பக்கத்து மீனவர் குடியிருப்பு. கணவர் கடலுக்குப் போகிறவர். இவருக்குக் காலாப்பட்டில், பல்கலைக்கழக விடுதி மெஸ்ஸில் வேலை. கூட வந்த மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். எட்டு வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தவள். அந்தப் பள்ளி வேன் அவர்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. பெண் தன் மதிப்பெண் பட்டியலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். கணக்கில்தான் எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண்.

தலைமையாசிரியர் வெளியே போயிருந்தார். அட்மிஷன் படிவத்தை நான் எடுத்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை.

"மொதல்ல ஸ்கூல பாத்துட்டு வந்துடறேன் மிஸ்."

அதுவரை எந்தப் பெற்றோரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அழைத்துப் போனேன். அவர் நேராகக் கழிப்பறைக்குப் போனார். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார், திறந்துகொண்டு வெளியே வந்தார். குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது, கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று முதல் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டார்.

"கணக்கு யாரும்மா எடுக்கறாங்க?"

"பி.டி. சார் வந்து உக்காருவாரு."

"கணக்கு சொல்லித் தருவாரா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் மூன்று நாள் உட்கார்ந்து நிரப்பிய படிவம் சொல்லாததை அந்த அம்மா கால்மணி நேரத்தில் தெரிந்துகொண்டார். வேப்ப மரத்தடியில் வந்து நின்றோம். மகள் சற்றுத் தள்ளி நின்றாள்.

"உங்க பிள்ள எங்க மிஸ் படிக்குது?"

"டவுன்ல."

எந்தப் பள்ளி என்று அவர் கேட்கவில்லை. தேவையும் இல்லை. என் மகன் ஒரு தனியார் பள்ளியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளி ஆசிரியர் யாருடைய பிள்ளையும் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காம சொல்லுங்க. மெஸ்ல தெனம் பொண்ணுங்க தட்டெடுத்துட்டு வந்து நிக்குதுங்க. கேரளாங்குது, ஒடிசாங்குது, எங்கெங்கேருந்தோ வந்து படிக்குதுங்க. இதுவும் ஒரு நாளு அப்பிடி வந்து நிக்கணும்னு எனக்கு ஆச. இங்க படிச்சா நடக்குமா, நடக்காதா?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருடம் சேர்க்கை மிகவும் குறைந்திருந்தது. இன்னும் குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்றும், எங்களில் பாதிப் பேரைத் தூரத்தில் இருக்கும் காரைக்காலுக்குத் தூக்கிப் போடுவார்கள் என்றும் ஆசிரியர் அறையில் பேச்சு. என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் எதையும் யோசித்தேனா என்று தெரியவில்லை. வாய் தானாகப் பேசியது.

"நடக்கும்மா. கணக்கு மிஸ் அடுத்த மாசம் வந்துடுவாங்க. நம்பி சேருங்க."

"நீங்க சொல்றீங்க, சேத்துடறேன்" என்றார். டி.சி.யைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கல்வித்துறையிலிருந்து ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஸ்மார்ட் போர்டில் ஒரு படம் போட்டுக் காட்டினோம். என் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பள்ளிக்கு 'நன்று' என்று தரம் கிடைத்தது. தலைமையாசிரியர் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார்.

அடுத்த மாதம் கணக்கு டீச்சர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நானே அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"போஸ்ட் காலியா இருந்தாதான் மேடம் வேற ஆள் போட முடியும். உங்க போஸ்ட்ல ஆள் இருக்காங்களே."

"ஆள் இங்க இருக்காங்க சார். ஸ்கூல்ல இல்ல."

அவர் ஒரு கட்டைப் பிரித்து எங்கள் படிவத்தை எடுத்தார். நான் தட்டிய எழுத்துகள். "கணக்கு, ஒருவர். நீங்களே குடுத்திருக்கீங்க. இது மேல போயாச்சு. இனிமே மாத்தணும்னா ஏன் தப்பா குடுத்தீங்கன்னு மொதல்ல உங்க ஹெச்.எம்.ம கேப்பாங்க."

வெளியே வந்து கடற்கரை வரை நடந்தே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பிறகு நானே கணக்கு எடுக்க ஆரம்பித்தேன். இரவில் போனில் வீடியோ பார்ப்பேன், காலையில் அதை அப்படியே போர்டில் எழுதுவேன். ஒரு நாள் பாதியில் அந்த அம்மாவின் மகள் எழுந்து, "மிஸ், அங்க மைனஸ் வரும்" என்றாள். மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள். அவள் சொன்னது சரி. அதன்பின் சில நாட்கள் நான் ஓரமாக உட்கார, அவளே போர்டில் போட்டுக் காட்டினாள். ஆனால் புத்தகம் கடினமாகிக்கொண்டே போனது. பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கும் எட்டவில்லை, அவளுக்கும் எட்டவில்லை. சந்தேகம் கேட்பதை அவள் விட்டுவிட்டாள். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் பிரான்ஸுக்குப் போனார். புதிதாக வந்தவரிடம் கணக்கு டீச்சர் விஷயத்தைச் சொன்னேன்; முதலில் படிவங்களைப் பார்க்கிறேன் என்றார். பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தற்காலிகமாக ஒரு இளைஞரை அனுப்பினார்கள். நன்றாகச் சொல்லித் தந்தார். வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார்.

கணக்கில் அவள் தேறவில்லை. மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண். மறுதேர்வுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் மகனுக்கு டியூஷன் எடுக்கும் சாரை வைத்துச் சொல்லித் தர ஏற்பாடு. நான்கு வாரம் வந்தாள். என் மகன் மேஜையில் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சார் விளக்கியது அவனுக்கு உடனே புரியும். அவளுக்கு அதற்கு முந்தைய பாடம் தெரியாது, அதற்கும் முந்தையதும் தெரியாது. சார் என்னைச் சமையலறைக்கு வந்து பார்த்து, "ரெண்டு வருஷத்தை ரெண்டு மாசத்துல எப்படி மேடம் பிடிக்கறது?" என்றார். அவள் காதில் விழுந்திருக்கும். ஐந்தாம் வாரம் அவள் வரவில்லை. மறுதேர்வு எழுதினாள், அதிலும் போய்விட்டது.

போன மாதம் அவள் அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அவரே வந்து பக்கத்தில் நின்றார். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் மகள் வேலைக்குப் போகிறாள் என்றார். பத்து மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றார்.

"என்னாலதாம்மா" என்றேன். "அன்னிக்கி நான் உங்ககிட்ட உண்மைய சொல்லியிருக்கணும்."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? நான்தான் எல்லாத்தையும் பாத்தனே மிஸ். பாத்துட்டுதான சேத்தேன். வேற எங்க கூட்டிட்டுப் போயி சேக்கறது?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"சின்னவ எட்டு முடிக்கப் போறா. கணக்குக்கு ஆள் வந்துட்டாங்களா?"

"இல்லம்மா. வருவாங்கன்னும் எனக்குத் தோணல. இந்த தடவ நிஜமா சொல்றேன், சேக்காதீங்க."

"சரி மிஸ்" என்றார். காலாப்பட்டு பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "அட்மிஷன் என்னிக்கி ஆரம்பிக்குது?" என்று கேட்டார். ஜூன் முதல் வாரம் என்று சொன்னேன்.